சீன ஜங்க் கப்பல் மாதிரி: கடைசிக் கட்ட வேலைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடல் பகுதி முடிந்துவிட்டது. தளப்பலகை ஒட்டியாயிற்று. பாய்மரங்கள் துளையில் நிற்கின்றன. பெட்டியில் மிச்சம் இருப்பது நூல்கண்டு, துணி, மூங்கில் குச்சி, சில உலோக வார்ப்புகள். சீன ஜங்க் என்னும் பாய்மரக் கப்பலின் மாதிரி செய்பவர்களில் நிறையப் பேர் இந்த இடத்தில்தான் நின்றுபோகிறார்கள். ஐரோப்பியக் கப்பல் செய்து பழகிய கைக்கு இங்கே கயிறும் வேறு, பாயும் வேறு. கிட்டோடு வரும் குறிப்புத்தாளோ நாலு படத்தோடு முடிந்துவிடும். இந்தக் கட்டத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில்கள் இவை. 1:60, 1:100 அளவுகளில் வரும் மரக் கிட்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். சொந்தமாக வரைந்து செய்பவர்களுக்கும் பொருந்தும்.

எதில் தொடங்குவது? வண்ணமா, பாயா, கயிறா?

மூன்றிலும் இல்லை. இந்தக் கப்பல் எந்தக் கரையைச் சேர்ந்தது, என்ன தொழில் செய்தது என்று முதலில் முடிவு செய்யுங்கள். சீன ஜங்க் என்று ஒரே ஒரு கப்பல் கிடையாது. வடக்கே மணல்திட்டு நிறைந்த ஆழமற்ற கடலில் ஓடியது தட்டை அடிக் கப்பல். தெற்கே புஜியான், குவாங்டொங் மாகாணங்களில் ஆழ்கடலுக்கென்று கட்டியவை அடி கூராக இறங்கும் கப்பல்கள். அணியத்தின் (கப்பலின் முன்முகத்தின்) நிறம், அதில் வைக்கும் கண், பாயின் வடிவம், சுக்கான், கொடி எல்லாமே இந்த ஒரு முடிவிலிருந்துதான் வரும்.

உடல்தான் ஏற்கெனவே முடிந்துவிட்டதே என்கிறீர்களா? சரி, இருக்கிற உடலைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுங்கள். அடி தட்டையாக இருந்து, பக்கவாட்டில் தண்ணீருக்குள் இறக்கும் பலகைகளும் நாலைந்து பாய்மரங்களும் இருந்தால் அது ஜியாங்சு பக்கத்து வடக்குக் கப்பல். பின்பக்கம் லாட வடிவில் அகன்று உயர்ந்து, அதில் பெரிய பறவை ஓவியத்துக்கு இடம் இருந்தால் புஜியானின் ஃபூசோ துறைமுகக் கப்பல். பாய்கள் விசிறியாக விரிந்து, சுக்கானில் சாய்சதுர ஓட்டைகள் இருந்தால் குவாங்டொங். கிட் தயாரிப்பவர்கள் பல நேரம் எல்லாவற்றையும் கலந்துகட்டி வைத்திருப்பார்கள். எந்த அடையாளம் அதிகமோ அந்தப் பக்கம் சாய்ந்து, மற்றவற்றை அதற்கேற்றபடி திருத்துவது என் வழக்கம்.

கூடவே இன்னொரு முடிவும் வேண்டும். கப்பல் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது? கடலில் ஓடுகிறதா, துறைமுகத்தில் நிற்கிறதா? பாய் முழுக்க விரிந்திருக்க, நங்கூரம் இறங்கியிருக்க, சுக்கான் மேலே தூக்கியிருந்தால், விஷயம் தெரிந்தவர் பார்த்தவுடனே முகம் சுளிப்பார்.

அணியத்துக்கு என்ன நிறம் பூசுவது?

இதற்கு நல்ல சான்று இருக்கிறது. 1723-இல், யோங்செங் பேரரசர் ஆட்சியின் முதல் ஆண்டில், ஒரு கப்பல் எந்த மாகாணத்துடையது என்று தூரத்திலிருந்தே தெரியும்படி அணியத்துக்கு நிறம் பூச உத்தரவானது. புஜியானுக்குப் பச்சை, குவாங்டொங்குக்குச் சிவப்பு, செஜியாங்குக்கு வெள்ளை, ஜியாங்சுவுக்குக் கருநீலம். குவாங்டொங்கின் சாவ்சோ பகுதியிலிருந்து சயாமுக்கும் அதற்குத் தெற்கேயும் சரக்கும் ஆளும் ஏற்றிச் சென்ற கப்பல்களுக்குச் ‘சிவப்புத் தலைக் கப்பல்’ என்றே பெயர். ஆகவே சிங் வம்ச ஆட்சிக் காலத்து (1644 முதல் 1912 வரை) வணிகக் கப்பல் செய்கிறீர்கள் என்றால் நிறம் உங்கள் விருப்பம் அல்ல. ஊரைச் சொன்னால் நிறம் வந்துவிடும்.

அணியத்தையும் மேல்விளிம்புப் பட்டையையும் பூசினால் போதும். உடல் முழுக்கச் சிவப்பும் தங்கமும் அடிப்பது சுற்றுலாக் கடைப் பொம்மையின் பாணி. குப்பியிலிருந்து எடுத்த அக்ரிலிக்கை அப்படியே பூசாமல் ஒரு துளி பழுப்பு கலந்து, பளபளப்பில்லாமல் மெல்லிய இரண்டு மூன்று பூச்சாகப் போடுங்கள். மரத்தின் ரேகை லேசாகத் தெரிந்தால் நல்லது.

கிட் பெட்டியில் ‘கடற்கொள்ளையர் ஜங்க்’ என்று போட்டிருக்கிறது. மண்டையோட்டுக் கொடி ஏற்றலாமா?

வேண்டாம். அது அட்லாண்டிக் பக்கத்து வழக்கம். 1800களின் தொடக்கத்தில் குவாங்டொங் கரையை ஆட்டிவைத்த கொள்ளையர் கூட்டணியில் ஒவ்வொரு படைக்கும் ஒரு நிறக் கொடி. சிவப்புக் கொடிப் படைதான் பெரியது. அதன் தலைவர் செங் யீ 1807-இல் இறந்ததும் மனைவி செங் யீ சாவ் பொறுப்பேற்று, 1810-இல் அரசோடு பேசிச் சரணடையும் வரை நடத்தினார். ஆக, எழுத்தோ படமோ இல்லாத ஒரு சிவப்புத் துணியே போதும். அந்தக் கப்பல்கள் பலவும் பிடித்துவந்த வணிகக் கப்பல்களும் மீன்பிடிக் கப்பல்களும்தான். பீரங்கி ஏறியதைத் தவிரத் தோற்றத்தில் பெரிய மாற்றம் இருக்காது.

மஞ்சள் டிராகன் கொடி வைக்க ஆசைப்படுபவர்கள் ஆண்டைப் பாருங்கள். 1862-இல் அது முக்கோணமாக வந்தது, செவ்வகமானது 1889-இல். 1810-இன் கொள்ளைக் கப்பலில் அது பறக்க வழியில்லை.

வணிகக் கப்பலுக்கு மாசு தெய்வத்தின் கொடி பொருத்தம். புஜியான் கரையருகே மெய்சோ தீவில் தொடங்கிய வழிபாடு அது. கடலோடிகளைக் காப்பவள் என்று தென்சீனக் கரை முழுக்கவும், அவர்கள் குடியேறிய ஊர்களிலும் கும்பிடுகிறார்கள். கப்பலின் பின் அறையில் அவளுக்கு ஒரு சின்ன மாடம் இருக்கும். உங்கள் மாதிரியில் அந்த அறையின் கதவு திறந்திருந்தால், உள்ளே ஒரு சிவப்புப் பலகையும் ஊதுபத்திக் கிண்ணமும் வையுங்கள். தெரிகிறதோ இல்லையோ, இருக்கட்டும்.

கொடிக்குத் துணி வேண்டாம், நெசவு பெரிதாகத் தெரியும். மெல்லிய டிஷ்யூ தாளின் இரண்டு பக்கமும் நிறம் பூசி, தண்ணீர் கலந்த ஃபெவிகால் தடவி, ஈரம் காயும் முன் விரலால் மடிப்பு கொடுங்கள். எல்லாக் கொடியும் பாய் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே பறக்க வேண்டும். அதே காற்றுதானே.

கண் கட்டாயமா? எப்படி வரைவது?

எல்லா ஜங்குக்கும் கண் கிடையாது. செஜியாங், புஜியான் கப்பல்களில் அது பெரிய அடையாளம். வடக்குக் கப்பல்களில் பொதுவாக இருக்காது.

வரைந்தால் பார்வை எங்கே போகிறது என்று கவனியுங்கள். மீன்பிடிக் கப்பலின் கருவிழி கீழே பார்க்கும், மீன் அங்கேதான் இருக்கிறது. வணிகக் கப்பலின் கருவிழி நேரே முன்னால் பார்க்கும். கருவிழியை அரை மில்லிமீட்டர் நகர்த்தினால் கப்பலின் தொழிலே மாறிவிடும். மாதிரிக்காரர்கள் பலர் கவனிக்காமல் விடும் இடம் இது. எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான்.

கண் என்பது வெறும் ஓவியம் அல்ல, மரத்தில் குடைந்து ஆணியால் அறைந்த வில்லை. 1:60-இல் ஒரு மில்லிமீட்டர் தடிப் பலகையில் வட்டம் வெட்டி, விளிம்பைச் சரித்து, வெள்ளை பூசி, நடுவில் கறுப்பு வைத்து ஒட்டுங்கள். இரண்டு கண்ணையும் ஒரே நேரத்தில் செய்து, ஒட்டுவதற்கு முன் முகத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஒன்று கொஞ்சம் ஏறியிருந்தாலும் கப்பல் மாறுகண்ணாகத் தெரியும்.

செஜியாங்கின் ஜோஷான் தீவுகளில் புதுக் கப்பலுக்குக் கண் பொருத்தும்போது ஆணியில் ஐந்து நிற நூல் சுற்றி அறைந்து, சிவப்புத் துணியால் கண்ணை மூடிவைத்து, கடலில் இறக்கும்போதுதான் துணியை எடுப்பார்கள். நம் ஊரில் சாமி சிலைக்குக் கண் திறப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. நானும் கண்ணை மட்டும் கடைசி வேலையாக வைத்துக்கொள்கிறேன்.

பலகை இடுக்குகளைக் கறுப்பாகக் காட்ட வேண்டுமா?

ஐரோப்பியக் கப்பலில் தார் அடைப்பார்கள், ஆகவே கறுப்புக் கோடு. சீனத்தில் அப்படி இல்லை. சுண்ணாம்பையும் டங் மரத்தின் எண்ணெயையும் நார்ச்சிம்புகளோடு சேர்த்து இடித்த பசையால் இடுக்கை அடைப்பார்கள். அது காய்ந்தால் வெளிறிய நிறம். இரும்பு ஆணிகளின் தலையையும் உள்ளே இறக்கி, இதே பசையால் மூடிவிடுவார்கள். அதனால் பித்தளை ஆணித்தலைகள் மின்னவே கூடாது. இடுக்கில் வெளிர் கோடு, வரிசையாக மங்கிய சின்னப் புள்ளிகள், அவ்வளவுதான்.

செய்வது சுலபம். மரத்துக்கு முதல் பூச்சு வார்னிஷ் கொடுத்து நன்றாகக் காய்ந்த பிறகு, வெள்ளையும் கொஞ்சம் மஞ்சள் பழுப்பும் கலந்த அக்ரிலிக்கைத் தண்ணீராகக் கரைத்து இடுக்குகளில் ஓடவிட்டு, ஈரத்துணியால் பலகையின் குறுக்கே துடைத்துவிடுங்கள். இடுக்கில் மட்டும் தங்கும்.

தண்ணீருக்குக் கீழே போகும் பகுதிக்கும் இதே சுண்ணாம்புக் கலவையைப் பூசும் வழக்கம் உண்டு. தெற்குக் கப்பல்களின் அடி வெள்ளையாக இருப்பது அதனால்தான். தூய வெள்ளை வேண்டாம், மோர் நிறம் போதும். நீர்க்கோட்டை ஒட்டி மிக லேசாகப் பச்சை.

மரத்துக்கு எண்ணெயா, வார்னிஷா?

உண்மைக் கப்பலுக்கு டங் எண்ணெய். அடிக்கடி பூசிப் பராமரிப்பார்கள், அதனால் மரம் தேன்பழுப்பாக இருக்கும். இதை மறந்து சாம்பல் நிறத்தில் வெளுத்துப்போன மரமாகக் காட்டினால், அது கரையில் கைவிடப்பட்ட கப்பல் ஆகிவிடும்.

மாதிரிக்கு எண்ணெய் அழகுதான், ஆனால் அதன் மேல் பசை பிடிக்காது. எல்லாவற்றையும் ஒட்டி முடித்த பிறகே எண்ணெய். இல்லையென்றால் பளபளப்பற்ற அக்ரிலிக் வார்னிஷ், அல்லது ஸ்பிரிட்டில் நீர்க்கக் கரைத்த ஷெல்லாக். மினுங்கும் வார்னிஷ் எந்த அளவிலும் வேண்டாம்.

எச்சரிக்கை ஒன்று. டங் எண்ணெய், ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். காயும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயவைத்த பிறகு போடுங்கள்.

பாயின் அந்தச் செம்பழுப்பு நிறத்தை எப்படிக் கொண்டுவருவது?

தென்சீனத்தில் ஒருவகைக் காட்டுக் கிழங்கின் சாற்றில் பாயையும் வலையையும் தோய்ப்பார்கள். அதிலுள்ள துவர்ப்பு துணியை மக்காமல் காக்கும், நிறமும் அதிலிருந்தே வரும். ஹாங்காங் மீன்பிடி ஜங்குகளின் பழைய படங்களில் தெரியும் செம்பழுப்பு அதுதான்.

நமக்கு அந்தக் கிழங்கு வேண்டாம். வெற்றிலைக்குப் போடும் காசுக்கட்டி நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். வெந்நீரில் கரைத்தால் அதே குடும்பத்து நிறம். பர்மாவின் காசுக்கட்டியை வைத்து மேலைநாட்டு மீனவர்களும் பாய்க்கும் வலைக்கும் சாயம் ஏற்றியிருக்கிறார்கள் என்பதால் இது ஒட்டுவேலை அல்ல, உண்மையான பாய்ச்சாயம். டீத்தூள் மட்டும் போட்டால் பழுப்பு வரும், சிவப்பு வராது.

மல் துணியை முதலில் சோப்புப் போட்டுத் துவைத்துக் கஞ்சியை எடுங்கள். இல்லாவிட்டால் சாயம் திட்டுத்திட்டாக ஏறும். எல்லாப் பாய்க்கும் வேண்டிய துணியை ஒரே பாத்திரத்தில், ஒரே நேரத்தில் தோயுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, ஈரம் கொஞ்சம் இருக்கும்போதே தேய்த்துவிடுங்கள். காய்ந்தபின் நிறம் ஒருபடி வெளுக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

ஒட்டுப்போட்ட பாய் அழகுதான். கப்பலுக்கு இரண்டு மூன்று ஒட்டுக்கு மேல் வேண்டாம். ஒட்டுத்துணி கொஞ்சம் புதிய நிறமாக இருக்கட்டும்.

பாயின் குறுக்கே வரும் மூங்கில் சட்டங்களுக்கு என்ன பயன்படுத்தலாம்?

ஊதுபத்திக் குச்சி. மூங்கிலேதான். பெரும்பாலான குச்சிகள் சுமார் 1.3 மில்லிமீட்டர் தடிமன். 1:60-இல் அது உண்மையில் எட்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான மூங்கில், கனக்கச்சிதம். 1:100-இல் பதின்மூன்று சென்டிமீட்டர் ஆகிவிடும்; அதற்கு மூங்கிலைப் பிளந்து, தகட்டில் துளையிட்டு அதற்குள் இழுத்து மெலிய வைக்க வேண்டும். விளக்குமாற்று ஈர்க்கு பார்க்க அழகாக இருக்கும், வளைத்தால் ஒடியும்.

குச்சியைத் துணியில் பசை போட்டு ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்று விடாதீர்கள். ஒட்டியபின் நூலால் நாலைந்து இடத்தில் சுற்றிக் கட்டுங்கள். இரண்டடி தள்ளி நின்று பார்த்தாலே தெரியும் வித்தியாசம் அது.

குவாங்டொங் பாயில் குச்சிகள் இணையாகப் போகாது. முன்விளிம்புப் பக்கம் நெருங்கி, பின்விளிம்புப் பக்கம் விரிந்து விசிறியாகும். வடக்குப் பாயில் ஏறக்குறைய இணை. முதலில் தாளில் முழு அளவில் வரைந்து, அதன் மேல் துணியைப் பரப்பி வேலை செய்யுங்கள்.

பாய்மரத்தைப் பக்கத்தில் இழுத்துக்கட்டும் கயிறுகள், ஏணிக் கயிறுகள் குறிப்பில் இல்லையே. விட்டுப்போயிற்றா?

விட்டுப்போகவில்லை. ஜங்கின் பாய்மரம் தன் காலிலேயே நிற்கும். அடி உள்ளே ஆழமாக இறங்கி, குறுக்குத் தடுப்புச் சுவரோடு பிணைந்திருக்கும். அந்தத் தடுப்புகள்தான் கப்பலை நீர்புகா அறைகளாகவும் பிரிக்கின்றன; சீன ஜங்கின் இந்தக் கட்டுமான முறையை 2010-இல் யுனெஸ்கோ உடனடிப் பாதுகாப்பு தேவைப்படும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. ஏணிக் கயிறு கட்டினால் பாய் சுழலவே இடமிருக்காது. முன் பாய்மரம் முன்னோக்கிச் சாய்ந்திருப்பதும் பிழையல்ல, நிமிர்த்த வேண்டாம்.

பாயோடு போகும் கயிறுகள் எத்தனை வகை? எந்த வரிசையில் கட்டுவது?

நான்கு வகை புரிந்தால் போதும்.

ஒவ்வொரு மூங்கிலையும் பாய்மரத்தோடு சேர்த்துப் பிடிக்கும் வளையக் கயிறு முதல் வகை. பாயின் ஒரு பகுதி மரத்துக்கு முன்னால் நீண்டிருக்கும், அதை மறக்காதீர்கள். மரத்தைப் பாயின் விளிம்பிலேயே வைத்துக் கட்டுவது அடிக்கடி பார்க்கும் பிழை. இரண்டாவது, மரத்தின் உச்சியிலிருந்து பாயின் இருபக்கமும் இறங்கி, அடிக்கட்டையைத் தாங்கும் தொட்டில் கயிறு. பாயை இறக்கினால் மூங்கில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இதற்குள்தான் வந்து அடுக்கிக்கொள்ளும். மூன்றாவது ஆஞ்சான், அதாவது பாயின் மேல்விளிம்புக் கட்டையான பருமலைப் பிடித்துப் பாயை ஏற்றும் கயிறு. உச்சிக் கப்பி வழியாக இறங்கித் தளத்திலுள்ள உருளையில் சுற்றும். கட்டும் வரிசையும் இதேதான்.

நான்காவதுதான் ஜங்கின் அழகு. ஒவ்வொரு மூங்கிலின் பின்முனையிலிருந்தும் ஒரு சிறு கயிறு கிளம்பும். அவை இரண்டு மூன்றாகச் சேர்ந்து, ஓட்டைகள் போட்ட ஒரு மரத்துண்டு வழியாகப் போய், அங்கிருந்து ஒற்றைக் கயிறாகப் பின்தளத்துக்கு வரும். அந்த ஒரு கயிற்றை இழுத்தால் பாயின் பின்விளிம்பு முழுதும் சேர்ந்து திரும்பும். கிட்கள் இதைச் சுருக்கி, கீழ் மூலையில் ஒரே ஒரு கயிறு கொடுத்திருக்கும். அதை ஒதுக்கிவிட்டு முழுதாகக் கட்டுங்கள். மற்ற எதைச் சுருக்கினாலும் இதைச் சுருக்காதீர்கள். ஓட்டை மரத்துண்டுக்கு ஐஸ் குச்சியைச் சீவி, அரை மில்லிமீட்டர் துளைகள் போட்டால் போதும்.

இதைக் கப்பலின் மேலேயே கட்ட முயன்றால் பொறுமை போய்விடும். பாயைத் தெர்மாகோல் பலகையில் விரித்துக் குண்டூசி குத்துங்கள். ஓட்டைத் துண்டையும் அது நிற்கவேண்டிய தூரத்தில் குத்துங்கள். சிறு கயிறுகளை மேலிருந்து கீழாகக் கட்டி, நீளத்தைச் சரிபார்த்து, முடிச்சுகளில் துளி ஃபெவிகால் வைத்துக் காயவிடுங்கள். அப்புறம் மொத்தமாக எடுத்துப் பாய்மரத்தில் மாட்டினால், கப்பலில் கட்டவேண்டியது நாலைந்து முடிச்சுதான்.

எதையும் விறைப்பாக இழுக்காதீர்கள். முறுக்கிய பருத்தி நூல் ஈரத்தில் சுருங்கும். மழைக்காலத்தில் அதுவே இறுகி, மெல்லிய மூங்கிலை வளைத்துவிடும்.

பாயை முழுக்க ஏற்றிக் காட்ட வேண்டும் என்பதும் இல்லை. காற்று கூடினால் ஆஞ்சானைத் தளர்த்துவார்கள், கீழ்ப்பகுதி மடிந்து தொட்டிலில் உட்காரும். பெரிய பாயின் கீழ் இரண்டு மடிப்பு இறங்கியபடி ஒரு ஜங்க் பாருங்கள், அந்தப் பாயின் சூட்சுமம் முழுதும் அதில் தெரியும்.

நூலில் பஞ்சு பிரிகிறது. ஃபெவிக்விக் போடலாமா?

தேன்மெழுகில் இரண்டு தடவை இழுத்துவிடுங்கள், பஞ்சு படிந்துவிடும். ஃபெவிக்விக் நூலைக் கறுப்பாக்கி உடையும்படி ஆக்கும். அதன் ஆவி பக்கத்து வார்னிஷில் வெள்ளையாகப் படியும். முடிச்சுக்குத் தண்ணீர் கலந்த ஃபெவிகால் போதும். மெழுகு பட்ட நூலில் பசை சரியாகப் பிடிக்காது, ஆகவே முடிச்சு விழும் இடத்தை மட்டும் மெழுகில்லாமல் விடுங்கள்.

நூலின் நிறம் வெள்ளையாகவோ கறுப்பாகவோ இருக்க வேண்டாம். மூங்கில் நாரிலும் பனை நாரிலும் திரித்த கயிறுகள் அவை. வைக்கோல் நிறமும் பழுப்பும் கலந்து வரட்டும்.

சுக்கானை ஏற்றி வைப்பதா, இறக்கி வைப்பதா?

கடலில் ஓடும் கப்பலென்றால் இறக்குங்கள். ஆழ இறங்கிய சுக்கான் கப்பல் பக்கவாட்டில் நழுவாமலும் தடுக்கும். ஆழமில்லாத இடத்திலும் நங்கூரமிட்டு நிற்கும்போதும் அதைக் கயிறு போட்டு மேலே தூக்கிவிடுவார்கள். 1846 டிசம்பரில் ஹாங்காங்கிலிருந்து கிளம்பி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, 1847-இல் நியூயார்க்கையும் 1848-இல் லண்டனையும் தொட்ட ‘கீயிங்’ என்ற ஜங்கைப் பற்றிப் படித்தால், அந்தப் பிரம்மாண்டமான சுக்கானும் அதைத் தொங்கவிட்ட கயிறுகளும் பார்த்தவர்களை எப்படி அசத்தின என்று புரியும்.

ஆகவே சுக்கானை ஆணியடித்து நிறுத்திவிடாமல், அதைத் தூக்கும் கயிறையும் உருளையையும் கட்டாயம் காட்டுங்கள். கிட்டில் சக்கரம் கொடுத்திருந்தால் எடுத்துவிடுங்கள்; ஜங்கைத் திருப்பியது நீண்ட சுக்கான் கட்டை. அதன் இருபுறமும் கயிறு கட்டி இழுப்பார்கள்.

கிட்டில் வந்த நங்கூரம் சரியா?

பெரும்பாலும் ஐரோப்பிய நங்கூரத்தைப் போட்டிருப்பார்கள். சீன மர நங்கூரத்தில் குறுக்குக்கட்டை மேலே இருக்காது, கொக்கிகளை ஒட்டிக் கீழே இருக்கும். இரண்டு கொக்கி மரத்தில், முனையில் இரும்புப் பூண். அரை மணி நேர வேலைதான், செய்துவிடுங்கள். சிறு கப்பலென்றால் நாலு கொக்கி இரும்பு நங்கூரமும் பொருந்தும்.

தளம் வெறிச்சென்று இருக்கிறது. என்னென்ன வைக்கலாம்?

ஆட்கள் மாதக்கணக்கில் வாழ்ந்த இடம். மரத்தண்ணீர்த் தொட்டி, அடுப்பு, மண்சாடிகள், மூங்கில் கூடைகள், சுருட்டிய கயிறு, கவிழ்த்த சாம்பான் படகு, வளைத்த மூங்கில் பாய்க் கூரை. இவற்றோடு ஒரு யூலோ வையுங்கள். படகின் பின்பக்கம் முளையில் பொருத்தி, இடமும் வலமுமாக ஆட்டித் தள்ளும் நீண்ட வளைந்த துடுப்பு அது. தளத்தின் ஓரமாகக் கிடத்திக் கட்டிவைக்கலாம்.

பரப்பி வைக்காதீர்கள். உருளையைச் சுற்றி ஆள் நிற்கவும் கயிறு இழுக்கவும் இடம் வேண்டும். அடுப்பு காற்றடிக்கும் இடத்தில் இருக்கக் கூடாது. ஒவ்வொரு பொருளை வைக்கும்போதும், பாயை ஏற்றுகிறவன் காலில் இது இடறுமா என்று பாருங்கள்.

மனித உருவங்கள் வைக்கலாமா?

ஒன்றிரண்டு இருந்தால் அளவு புரியும். 1:100 என்றால் கட்டடக்கலை மாணவர்கள் வாங்கும் கடைகளில் பிளாஸ்டிக் உருவங்கள் கிடைக்கும். கோட்டையும் கைப்பையையும் சீவி எடுத்துவிட்டுக் கருநீலத் தளர்சட்டையும் மூங்கில் தொப்பியும் செய்யுங்கள். 1:60-இல் ஆள் உயரம் 27 அல்லது 28 மில்லிமீட்டர். சிங் காலமென்றால் முன்தலை மழித்துப் பின்னல் தொங்க வேண்டும். அதற்கு முந்திய மிங் காலக் கப்பலென்றால் அந்தப் பின்னல் கூடாது.

சீன எழுத்துகள் எழுத வேண்டுமா? எனக்கு அந்த மொழி தெரியாதே.

தெரியாவிட்டால் கிறுக்காதீர்கள், அது அவர்கள் எழுத்துக்கு மரியாதை இல்லை. பழைய கப்பல் படங்களில் உள்ள வாசகங்களையே எடுத்து அச்சிடுங்கள். நல்ல காற்றையும் லாபத்தையும், அலையடங்கிய கடலையும் வேண்டும் வாசகங்கள் வழக்கமானவை. சிவப்புத் தாளில் கறுப்பு எழுத்து, மேலிருந்து கீழாக. கிடைமட்டமாக எழுதினால் அக்காலத்தில் வலமிருந்து இடம். ஒட்டுவதற்கு முன் சீனம் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள். தலைகீழாகவும் கண்ணாடிப் பிம்பமாகவும் ஒட்டிய மாதிரிகளைப் பார்த்திருக்கிறேன்.

நம் கரைக்கு வந்த ஜங்க் ஒன்றைச் செய்ய முடியுமா?

முடியும், ஆனால் அது வேறு காலத்துக் கப்பல். 14-ஆம் நூற்றாண்டில் கோழிக்கோட்டில் சீனக் கப்பல்களைக் கண்ட மொராக்கோப் பயணி இப்னு பதூதா, அவற்றின் பாய்கள் மூங்கிலைப் பாயாக முடைந்து செய்தவை என்று எழுதினார். ஆக, செம்பழுப்புத் துணி இங்கே பொருந்தாது. நெசவு கண்ணுக்குத் தெரியும் மெல்லிய லினனை வைக்கோல் நிறமாக்கி, பட்டை பட்டையாக இணைத்தால் முடைந்த பாயின் தோற்றம் வரும். சிங் காலத்து மாகாண நிறங்களும் இதற்கு இல்லை.

உடல் வடிவத்துக்குப் புஜியானின் சுவான்சோ விரிகுடாவில் 1974-இல் தோண்டியெடுத்த கப்பல் இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டினது, 24 மீட்டருக்குச் சற்று அதிகமான மிச்சம், பதின்மூன்று அறைகள். அந்தச் சுவான்சோவில்தான் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டோடு சிவன் கோயில் ஒன்று இருந்தது. தமிழ் வணிகர்கள் குடியிருந்த துறைமுகத்தின் கப்பலைத் தமிழர் ஒருவர் செய்துவைப்பது நல்ல விஷயம். இதைச் செய்பவர்கள் இன்னும் கூட வேண்டும்.

கண்ணாடிப் பெட்டி அவசியமா? பூச்சி வருமா?

அவசியம். இத்தனை கயிற்றில் தூசி படிந்தால் துடைக்கவே முடியாது. பெட்டியின் அடியில் சின்னக் காற்றுத் துளைகள் விட்டு, உள்பக்கம் மெல்லிய வலை ஒட்டுங்கள். புது பிளைவுட், எம்.டி.எஃப் பலகைகளிலிருந்து வரும் அமில ஆவி ஈய வார்ப்புகளை வெள்ளைத் தூளாக அரித்துவிடும். பீரங்கி, கப்பி எல்லாம் ஈயமாக இருந்தால் மரத்திலோ பித்தளையிலோ மாற்றிவிடுவது நிம்மதி.

பாயை விறைப்பாக்கக் கஞ்சி போடாதீர்கள். கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் தேடி வரும். நீர்த்த ஃபெவிகால் அதே வேலையைச் செய்யும். மூங்கிலை உளு அரிக்காமல் இருக்க, வெட்டிய குச்சிகளை வெண்காரம் கலந்த நீரில் கொதிக்கவைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகு பயன்படுத்துங்கள். முடிந்த மாதிரியை மட்டும் நேர்வெயிலில் வைக்காதீர்கள்; காசுக்கட்டிச் சாயம் ஜன்னல் பக்கம் மட்டும் வெளுத்து, ஒரே பாய் இரண்டு நிறமாகிவிடும்.

ஏற்கெனவே தூசி படிந்துவிட்ட பழைய மாதிரியை எப்படிச் சுத்தம் செய்வது?

உலர்ந்த மென்மையான ஓவியத் தூரிகையால் மேலிருந்து கீழாகத் தட்டுங்கள். மறு கையில் கேமரா லென்சுக்குக் காற்றடிக்கும் ரப்பர் பந்து. வாக்குவம் கிளீனர் வைத்தே ஆகவேண்டும் என்றால் குழாயின் வாயில் மல் துணி கட்டிக்கொள்ளுங்கள், கழன்று வரும் கப்பி அதில் தங்கும். சிறு கயிறுகளில் ஒட்டிய பிசுக்குக்கு, கொஞ்சம் ஈரப்படுத்திய பஞ்சுக் குச்சி. ஒவ்வொரு கயிற்றையும் பின்னால் விரல் கொடுத்துத் துடையுங்கள். அறுந்த கயிற்றை ஒட்டுப்போட்டு இழுக்காமல், மூங்கில் முனையிலிருந்து ஓட்டைத் துண்டு வரை புதிதாக மாற்றிவிடுங்கள்.